கடப்போர்: நில்

பதினொன்னு இருபத்தொண்ணு. பஸ் ஸ்டாப்புல மாட்டியிருக்கிற கடிகாரம் எட்டே காலோட செத்துப்போச்சு, அதை நம்பிப் பிரயோஜனம் இல்ல, போன்ல பாத்தேன், பதினொன்னு இருபத்தொண்ணு, பதினொன்னரைக்கு அவரு வெளிய வந்துடுவாரு. எதிர்த்தாப்ல தெரியுதே நீலக் கட்டடம், அதுல மூணாவது மாடியிலதான் டயாலிசிஸ். என் வீட்டுக்காரர் இருதயராஜ் காலைல ஏழு மணிலேர்ந்து அங்க படுத்திருக்காரு, திங்கள் புதன் வெள்ளி, வாரத்துக்கு மூணு தடவை. ரத்தம் பூரா வெளிய போயி மெஷின்ல சுத்தி உள்ள வருது, நாலு மணி நேரம், முடிச்சு எந்திரிச்சா ஆளு தொவைச்சுப் பிழிஞ்ச துணிதான். போறதுக்குக் கஷ்டம் இல்ல. காலைல போற பஸ் அந்தப் பக்கம், ஆஸ்பத்திரி வாசல்லயே இறக்கி விட்டுடும். வீட்டுக்குத் திரும்பத்தான் இந்தப் பக்கம் வந்து பஸ் ஏறணும், நடுவுல இந்த ரோடு, அங்க மூணு லேன் இங்க மூணு லேன், நடுத்திட்டு மேல நெஞ்சு உயரத்துக்குக் கம்பி வேலி. வேலில ஒரு சந்து இருந்துச்சு. யாரோ புண்ணியவான் நாலு கம்பிய வளைச்சு வச்சிருந்தான், ஒரு ஆளு பக்கவாட்டுல திரும்பினா நுழைஞ்சிடலாம், ரெண்டு மாசமா என் மனுஷன் அதுலதான் வந்துக்கிட்டு இருந்தாரு. இன்னைக்கு அந்தச் சந்து இல்ல. நேத்து ராத்திரி வெல்டிங் வச்சு அடைச்சுட்டாங்க. அது அவருக்குத் தெரியாது. தெரியாம ரோட்டுல இறங்குவாரு, மூணு லேனைத் தாண்டி நடுவுல வந்து நிப்பாரு, அப்புறம் முன்னாலயும் வர முடியாது பின்னாலயும் போக முடியாது, டயாலிசிஸ் முடிச்ச ஒடம்பு, பிரஷர் இறங்கும், கண்ணு இருட்டும், ரெண்டு பக்கமும் லாரி. மாதாவே. அதுக்குத்தான் ஆபீஸ்ல பாதி வேலையைப் போட்டுட்டு ஓடி வந்தேன், ஓடி வந்து எந்தப் பக்கம் நிக்கிறேன் பாரு, தப்பான பக்கம். இந்தப் பக்கத்து பஸ்தானே கெடச்சுது.

சந்தை அடைச்ச போட்டோவ பாத்தது பத்து மணிக்கு. எங்க ஆபீஸ் குரூப்புல தினமும் காலைல வரும், சைட்டுல என்ன வேலை முடிஞ்சுதுன்னு, ஜல்லி கொட்டினது, கோடு போட்டது, ஏதாவது ஒண்ணு. வேலியில கம்பி புதுசா மினுமினுன்னு தெரிஞ்சுது, கீழ 'திறப்பு அடைக்கப்பட்டது, வேலை முடிந்தது'ன்னு இருந்துச்சு, எல்லாரும் கட்டை விரல் போட்டிருந்தாங்க, நானும் போட்டேன். பழக்கம். யாரு என்ன அனுப்பினாலும் கட்டை விரல், செத்த சேதி வந்தாக்கூட என் கை அங்கதான் போகும் போலிருக்கு. போட்டுட்டு டீ குடிச்சேன். பாதி டீயிலதான் போட்டோவுல பின்னாடி இருந்த நீலக் கட்டடம் மண்டையில ஏறிச்சு. அவருக்குப் போன் பண்ணினா ஆஃப், உள்ள போறப்ப அணைச்சு மஞ்சப் பையில போட்டுடுவாரு, வீட்டுக்கு வந்து நான் ஞாபகப்படுத்தினாத்தான் திரும்பப் போடுவாரு, முப்பது வருஷம் பஸ்ல கண்டக்டரா இருந்தவரு, விசில்தான் தெரியும், போன் தெரியாது. பஸ் ஏறி, பதினொரு மணிக்கு சென்டருக்குப் பண்ணேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. "இருதயராஜ் சாரா மேடம், ஊசி எடுத்துக்கிட்டு இருக்காங்க, அரை மணி நேரத்துல கெளம்பிடுவார்." "அவரை அங்கேயே உக்கார வைம்மா, நான் வர்ற வரைக்கும் விடாத." "சரிங்க மேடம், சொல்றேன்." அந்த 'சொல்றேன்' இருக்கே, அது எனக்குத் தெரியும், நானே ஆபீஸ்ல ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்லுவேன், ஒரு தடவை கூடச் சொன்னதில்ல. மறுபடி பண்ணினா பிசி. மறுபடியும் பிசி.

பாலத்து வழியாப் போயிடலாம்தான். நடைபாலம். அது வடக்கால தொள்ளாயிரத்து நாப்பது மீட்டர், எனக்கு எப்படித் தெரியும்னா அதை நான்தான் அளந்தேன், நான்தான் வரைஞ்சேன். இந்த ரோடே நான் வரைஞ்சதுதான். ரோடு டிசைன் பண்ணிக் குடுக்கிற கம்பெனில இருபத்தொம்பது வருஷமாப் படம் போடுறவ நான், பிலோமினான்னா எல்லாருக்கும் தெரியும், இஞ்சினியர் வாய்ல சொல்லுவாரு, நான் கோடா மாத்துவேன், அவ்வளவுதான் என் வேலை. தொள்ளாயிரத்து நாப்பது மீட்டர் நடந்து, அம்பத்தெட்டுப் படி ஏறி, அம்பத்தெட்டு இறங்கி, மறுபடி தொள்ளாயிரத்து நாப்பது மீட்டர் திரும்பி வரணும், என் முட்டிக்கு முக்கால் மணி நேரம் ஆகும், அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். லிஃப்ட்டு இருக்குல்லன்னு கேப்பீங்க. இருக்கு, படத்துல இருக்கு, புள்ளிக்கோட்டுல. புள்ளிக்கோடுன்னா எங்க பாஷைல 'பின்னால பாத்துக்கலாம்'னு அர்த்தம், பக்கத்துலயே 'எதிர்கால மின்தூக்கி'ன்னு எழுதினேன், எழுதினப்ப நானே சிரிச்சேன். ஆட்டோ ஒண்ணு வந்துச்சு, கேட்டேன், யூடர்ன் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, அங்க திரும்பி வர்றதுக்கு இந்த நேரத்துல இருபது நிமிஷம்னான், ஏறலாமா வேணாமான்னு நான் யோசிக்கிறதுக்குள்ள போயிட்டான். ஏறியிருக்கணும். ஏறியிருந்தா நான் சுத்திக்கிட்டு இருக்கிற நேரத்துல அவரு இறங்கிட்டா? இங்க நின்னா கண்ணாலயாவது பாப்பேன். பாத்து? பாத்து என்ன பண்ணுவ? பதினொன்னு இருபத்தி நாலு.

"இன்னாம்மா, நீயும் அந்தாண்டதான் போணுமா?" பக்கத்துல ஒரு அம்மா, நீலப் புடவை, ஆஸ்பத்திரி ஆயா, கழுத்துல தொங்குற அட்டைல கன்னியம்மான்னு போட்டிருக்கு, கைல சாப்பாட்டுத் தூக்கு. ஆமான்னேன். "அடச்சிட்டானுங்க பாத்தியா. ராவோட ராவா வந்து அடச்சிட்டுப் பூட்டானுங்க. இனிமே நான் டூட்டிக்குப் போறதுக்கு பிரிட்ஜு ஏறணும், என்னால ஆவுமா? பதினெட்டு வருசமா இங்கதான் தாண்டுறேன். சிக்னல் இருந்த காலத்துலேந்து." நான் தலையை ஆட்டினேன். "ஏம்மா, இத்தையெல்லாம் ஒருத்தன் உக்காந்து யோசிச்சுத்தான பண்றான்? அவன் வூட்ல யாருமே நடக்க மாட்டாங்களா? அவன் பொண்டாட்டி கறிகாய் வாங்கப் போவ மாட்டாளா? அவன் கால்ல புண்ணு வர." எனக்குச் செருப்புக்குள்ள விரல் மடங்குச்சு, நிஜமாவே மடங்குச்சு. "கவர்மெண்டு" ன்னு ஏதோ உளறினேன். "கவர்மெண்டுக்குக் கையா இருக்குது? யாரோ ஒருத்தன் கையாலதான போட்ருப்பான்" னுச்சு அந்தம்மா. சண்டைக்குச் சொல்லல, சாதாரணமாத்தான் சொல்லுச்சு, சொல்லிட்டுத் தூக்கை மாத்திப் புடிச்சுக்கிட்டு வடக்கால நடக்க ஆரம்பிச்சிடுச்சு. நடைபாதைல ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி, அதைச் சுத்தி ரோட்டுல இறங்கி ஏறிச்சு, அப்புறம் ஒரு பைக்கு, மறுபடி இறங்கி ஏறிச்சு. அந்த நடைபாதை ஒண்ணரை மீட்டர் அகலம், படத்துல. டிரான்ஸ்பார்மருக்கு எண்பது சென்டிமீட்டர் போனா எழுபது மிச்சம் இருக்கணும், எங்க போச்சுன்னு தெரியல. கண்ணு அங்கயே இருக்கு, புத்தி அளந்துக்கிட்டே இருக்கு, சனியன், புருஷன் செத்துக்கிட்டு இருந்தாலும் இது அளக்கும்.

யாரோ ஒருத்தன் கையால. என் கையாலதான், கன்னியம்மா. உங்கிட்ட சொல்லியிருக்கணும், சொன்னா தூக்காலயே அடிச்சிருப்ப, அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். போன வருஷம் ஆடியில இதே எடத்துல, இதே ஸ்டாப்புக்குப் பக்கத்துல, பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் குடையைப் புடிச்சிக்கிட்டு ரெண்டு நாள் உக்காந்து எண்ணினேன். ரோட்டைத் தாண்டுறவங்க எத்தனை பேருன்னு கணக்கு எடுக்கணும், ஆளு பத்தல, படம் போடுற நானே போயி உக்காந்தேன். தாள்ல ரெண்டு கட்டம். ஒண்ணு, 'கோட்டில் கடப்போர்', அதாவது வெள்ளைக் கோட்டு மேல ஒழுங்கா நடந்து தாண்டுறவங்க. இன்னொண்ணு, 'விதிமீறிக் கடப்போர்'. சரி. ஆனா வெள்ளைக் கோடு எங்க? மே மாசம் புதுசாத் தார் போட்டப்பவே அது தாருக்கு அடியில போயிடுச்சு, திரும்பப் போடல. அப்ப கோட்டுல எப்படி ஒருத்தன் நடப்பான்? முந்தி கோடு இருந்த அதே எடத்துலதான் அத்தனை பேரும் தாண்டினாங்க, கைய நீட்டிக்கிட்டு, நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தானே, உள்ளங்கையைக் காட்டினா பஸ்ஸு நின்னுடும்னு ஒரு நம்பிக்கை. புள்ளைங்கள இழுத்துக்கிட்டு வந்தவங்க, ஸ்கேன் கவரைத் தலைக்கு மேல புடிச்சிக்கிட்டு வந்தவங்க, ஒரு பொண்ணு வயித்துல கைய வச்சிக்கிட்டு, நல்லா ஒம்போது மாசம், அதுக்கும் ஒரு கோடு போட்டேன், விதிமீறல். நாலாயிரத்து நூத்திப் பதினேழு பேரு விதிமீறல். முதல் கட்டத்துல ஒருத்தர் கூட இல்ல. ஆனா காலியா விடக்கூடாது, அது எங்க ஆபீஸ் சட்டம், காலியா விட்டா வேற எவனாவது எதையாவது எழுதிடுவான், இருபத்தொம்பது வருஷமாக் காலிக் கட்டத்துல இங்கிலீஷ்ல என்-ஐ-எல்னு, ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம், மூணு எழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தவ நான். இந்த தடவை எல்லாம் தமிழ்லதான் இருக்கணும்னு மேலேர்ந்து உத்தரவு. அதனால தமிழ்ல எழுதினேன். 'நில்'. இல்லைன்னு எழுதியிருக்கலாம்ல? இல்லைன்னு எழுதணும்னு தோணவே இல்ல, வாயில நில்லுன்னுதானே சொல்றோம், நில் ஸ்டாக்கு, நில் ரிப்போர்ட்டு. அழகா, குண்டா, கட்டத்துக்கு நடுவுல. கோட்டில் கடப்போர், நில்.

அதை இங்கிலீஷ்ல மாத்தினது மேக்னா, ஆபீஸ்ல ரிப்போர்ட் எழுதுற பொண்ணு, நல்ல பொண்ணு, தமிழை ஒவ்வொரு எழுத்தாத் தொட்டுத் தொட்டுப் படிக்கும். கடப்போர், நில். தாண்டுறவங்களே, நில்லுங்க. அது என்ன பண்ணும், பாவம், தாண்டுறவங்களை நிறுத்தணும்னு எழுதிடுச்சு. பக்கத்துக் கட்டத்துல நாலாயிரத்து நூத்திப் பதினேழு விதிமீறல் வேற. பொருத்தமா இருந்துச்சே! எங்க இஞ்சினியர் கஜபதி சார் அதைப் பாத்துட்டு, கரெக்டுதானேன்னு பரிந்துரைப் பக்கத்துல ஏத்திட்டாரு, பாதசாரிகள் கடப்பதைத் தடுக்கணும், தொடர்ச்சியான வேலி, திறப்பு கூடாது. அந்தத் தாள் என் மேசைக்கு வந்தப்ப மணி நாலு. படிச்சேன். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படிச்சேன். எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. தாளை எடுத்துக்கிட்டு எந்திரிச்சு சார் ரூம் வரைக்கும் போனேன், கதவைத் தட்டினேன், அவரு போன்ல இருந்தாரு, நாளைக்கு சப்மிஷன், மூஞ்சி கடுகடுன்னு இருந்துச்சு. போனைக் கையால பொத்திக்கிட்டு, "என்னம்மா, கரெக்‌ஷன் கிரெக்‌ஷன்னு வந்துடாத" ன்னாரு. சொல்லியிருக்கலாம். சார், அது உத்தரவு இல்ல சார், அது சைஃபர் சார். ஒரே ஒரு வாக்கியம். சிரிச்சிருப்பாரு, ஆபீஸே சிரிச்சிருக்கும், பிலோமினா மேடம் நில்லுன்னு எழுதி ரோட்டையே நிறுத்திட்டாங்கன்னு ஒரு வருஷம் பேசியிருப்பாங்க. அதுக்குத்தான் பயந்தேன். ஜனங்களுக்கு வழி போயிடுமேன்னு பயப்படல, சிரிச்சிடுவாங்களேன்னு பயந்தேன். "இல்ல சார், ஸ்கேல் என்னன்னு கேக்க வந்தேன்" னேன். சொல்லிட்டு வந்து உக்காந்து, நடுக்கோட்டைப் புடிச்சு, வேலிக்கு ஒரு கமாண்டு. நாலு செகண்டு. ஒண்ணே முக்கால் கிலோமீட்டர் வேலி நாலு செகண்டுல ஓடிடுச்சு, திரை முழுக்கப் பச்சைக் கோடு. அஞ்சரைக்கு பஸ் புடிச்சு வீட்டுக்குப் போயி கத்திரிக்காய் பொரிச்சேன். அப்ப அவருக்கு கிட்னி போகல. போகலையா, போய்க்கிட்டு இருந்துச்சு, எங்களுக்குத் தெரியல. முப்பது வருஷம் டூட்டில ஒண்ணுக்கு அடக்கி அடக்கி வச்ச ஒடம்பு.

பதினொன்னு இருபத்தொம்போது. நீலக் கட்டடத்து வாசல்ல யாரோ வராங்க, அவரு இல்ல, ஏதோ ஒரு பொண்ணு. ஆண்டவரே, அந்த போன் எடுத்த பொண்ணு அவரை உக்கார வச்சிருக்கணும், வச்சிருந்தா அடுத்த ஞாயித்துக்கிழமை நான் முட்டி போட்டே பீடம் வரைக்கும் வரேன், முட்டி போனாப் போகட்டும். வெயிலு உச்சிக்கு ஏறுது, இங்க ஒரு நிழல் இல்ல. மரம்னா எங்க படத்துல ஒரு சின்ன வட்டம், முந்தி டிரேசிங் பேப்பர்ல மை ஊத்தி வரையுற காலத்துல ஒரு மரத்தை எடுக்கணும்னா பிளேடாலச் சுரண்டணும், ரெண்டு நிமிஷம் ஆகும், அந்த ரெண்டு நிமிஷத்துலயாவது ஒருத்தி யோசிக்கலாம், இப்ப ஒரு பொத்தான். சர்ச்சுலேர்ந்து ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் ஒரு ரோடு இருந்துச்சே, ரெண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரம், கல்யாணத்துக்கு முன்னால நானும் இவரும் அதுலதான் நடப்போம், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு. பஸ்ல டிக்கெட் குடுத்துக் குடுத்தே இவருக்கு நடக்கப் புடிக்கும், பஸ்ஸே வேணாம்பாரு. நான் இவரு மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நடந்தேன். அது ஒரு பெரிய விஷயம், இப்ப நெனச்சா. ரெண்டு கிலோமீட்டர், கீழ குனிஞ்சு பாக்காம, எங்க பள்ளம் எங்க கம்பின்னு தேடாம, பக்கத்துல வர்ற ஒரு ஆம்பளையோட மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நடக்க முடிஞ்சுது. அந்த ரோட்டையும் தொண்ணூத்தெட்டுல நான்தான் அகலப்படுத்தினேன். நூத்தி ரெண்டு வட்டம் சுரண்டினேன். அப்புறம் நாங்க சேந்து நடக்குறப்ப அவரு முன்னால, நான் பின்னால, இருபது வருஷத்துக்கு மேலா அவரு முதுகைத்தான் பாக்குறேன்.

நடக்கத்தக்க நகரம்னு ஒரு கருத்தரங்கு நடந்துச்சு, பெரிய ஹோட்டல்ல, கஜபதி சார் என்னையும் வரச்சொன்னாரு, படம் விரிச்சுக் காட்ட ஒரு ஆளு வேணும்ல. பஸ்லேர்ந்து இறங்கிப் போனேன். கேட்டுல வாட்ச்மேன் தடுத்துட்டான், மேடம் கார் எங்கன்னான். கார் இல்லப்பா, நடந்து வர்றவங்களுக்கு எந்தப் பக்கம் வழின்னேன். "நடந்தா? நடந்து யாரும் வர மாட்டாங்களே மேடம்" னு நெஜமாவே கொழம்பிப் போய்ப் பாத்தான், அவன் மேல தப்பு இல்ல, வழியே கெடையாது, காரு ஏறுற சரிவுல ஓரமா ஒண்டிக்கிட்டு ஏறிப் போனேன், பின்னால ஒருத்தன் ஹாரன் அடிச்சிக்கிட்டே வந்தான், அவனும் கருத்தரங்குக்குத்தான் வந்தான். உள்ள நரைச்ச முடி வச்ச ஒரு அம்மா பேசிச்சு. ஒரு ஊரு நல்ல ஊரான்னு தெரியணும்னா, ஒரு பொம்பளைக்குச் செருப்பு அறுந்தா அவ ஓரமா நின்னு குனிஞ்சு சரிபண்ணிக்க எடம் இருக்கான்னு பாருங்கன்னுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. கஜபதி சார் டைரியில எழுதிக்கிட்டாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, ஏன்னு தெரியல, டீ பிரேக்குல பாத்ரூம் போயி அழுதுட்டு வந்து படத்தை விரிச்சேன், அந்தப் படத்துலயும் வேலிதான். எல்லாம் தெரிஞ்சவங்கதான் அங்க உக்காந்திருந்தாங்க. எனக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன கிழிச்சோம்?

அவரு. அவருதான். மஞ்சப் பை, வெள்ளை அரைக்கைச் சட்டை, இடது முழங்கைக்கு மேல பெரிய பிளாஸ்திரி. படியில நின்னு இப்படியும் அப்படியும் பாக்குறாரு, கண்ணாடி போடல, பைக்குள்ள இருக்கும். சொல்றேன்னுச்சே அந்தப் பொண்ணு! "ஏங்க!" கத்தினேன். ஆறு லேனுக்கு அப்பால ஒரு பொம்பளை கத்தினா யாருக்குக் கேக்கும், எனக்கே கேக்கல. "ஏங்க! வராதீங்க!" ஓரத்துக்கு வந்துட்டாரு. ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினேன், வேணாம் வேணாம்னு, தலைக்கு மேல, பைத்தியம் மாதிரி. பாத்துட்டாரு. மூஞ்சி மலந்துபோச்சு. இவ எதுக்கு இங்க வந்திருக்கான்னு ஒரு சிரிப்பு, ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பிச்சதுலேர்ந்து நான் பாக்காத சிரிப்பு, நான் கூப்பிடுறேன்னு நெனச்சுட்டாரு, கையாட்டினா வான்னுதானே அர்த்தம் அவருக்கு. வலது கைய நீட்டி உள்ளங்கையைக் காட்டிக்கிட்டு இறங்கிட்டாரு. ஒரு லேன். ஒரு பைக்கு அவரை உரசிக்கிட்டுப் போச்சு. ரெண்டாவது லேன். வேன்காரன் திட்டிக்கிட்டே பிரேக் போட்டான். நான் கண்ண மூடல, மூடினா ஏதாவது ஆயிடும்னு மூடல. மூணாவது. நடுத்திட்டுல ஏறிட்டாரு, வேலியைப் புடிச்சாரு, வழக்கமா நுழையுற எடத்துல தடவினாரு. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தடவினாரு. அப்புறம் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஒரு காலைத் தூக்கிக் குறுக்குக் கம்பி மேல வச்சாரு. இடது கையால புடிச்சு ஏறப் போறாரு. அந்தக் கைய ஊன்றவே கூடாது, ஊசி குத்தின கை. நான் எப்ப ரோட்டுல இறங்கினேன்னு எனக்குத் தெரியாது. கைய நீட்டினேன், எல்லாரையும் போல. ஒரு பஸ்ஸு பக்கத்துல வந்து நின்ன சத்தம், என்னவோ ஒரு வார்த்தை, சாவுகிராக்கிதான், ரோட்டோட சூடு செருப்புல ஏறுது, நடுத்திட்டுக் கல்லு முழங்கால்ல இடிச்சுது.

"கால எடுங்க! கையை எடுங்க மொதல்ல!" ன்னு கத்தினேன். காலைக் கீழ வச்சாரு. பிளாஸ்திரி ஓரமா ரத்தம் வந்துக்கிட்டு இருந்துச்சு, பெருசா இல்ல, கோடா, முழங்கை வழியா மணிக்கட்டுக்கு. கம்பிக்கு நடுவுல கைய விட்டு அந்த எடத்துல கட்டை விரலை வச்சு அமுக்கினேன். பத்து நிமிஷம் அமுக்கணும், நர்ஸு சொல்லிக் குடுத்திருக்காங்க. உள்ள, டயாலிசிஸுக்காக ஆபரேஷன்ல சேத்து வச்ச ரத்தக்குழாய் கிர்ர்னு ஓடிக்கிட்டு இருக்குறது விரலுக்குத் தெரிஞ்சுது. அவருக்குப் பின்னால மூணு லேனும் சிக்னல் விட்டு மொத்தமா வருது, என் முதுகுக்குப் பின்னாலயும் வருது, ரெண்டு பேருக்கும் நிக்க ஒரு அடி அகலம். திரும்பிப் போங்கன்னு சொல்லலாம், அந்த மூணு லேனை இவரு இன்னொரு தடவை தாண்டணும். ஒதடு வெளுத்துப்போயிருந்துச்சு. மெதுவாக் கல்லு மேல உக்காந்தாரு, நானும் இந்தப் பக்கம் குந்தினேன், விரலை எடுக்கல.

"முந்தாநாள் இருந்துச்சேடி" ன்னாரு.

"அடைச்சுட்டாங்க."

"யாரு?"

ஆண்டவர் மேல சத்தியமா, வேற ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நான்தாங்க" ன்னு வந்துச்சு. "படம் நான் போட்டது. தப்பா ஒரு வார்த்தை எழுதிட்டேன், அதை இந்த வேலியா மாத்திட்டாங்க, தெரிஞ்சும் நான் சொல்லல. இந்த ரோடு முழுக்க நான் போட்டதுதான்."

என்னையே பாத்தாரு. கண்ணாடி இல்லாத கண்ணு, எவ்வளவு தெரிஞ்சுதோ. திட்டுவாருன்னு காத்துக்கிட்டு இருந்தேன். ஒரு லாரி போச்சு, ரெண்டு பேர் சட்டையும் புடவையும் பறந்து அடங்குச்சு.

"அப்பச் சரி" ன்னாரு. மூச்சு வாங்குச்சு. "நீ போட்டதுன்னா உனக்குத் தெரியும்ல. எங்க வழி இருக்குன்னு சொல்லு, வேலியைப் புடிச்சிக்கிட்டே நடந்துடுறேன். எனக்கு முடியும்."

படம் எனக்கு மனப்பாடம். விரலை அமுக்கிக்கிட்டே மனசுக்குள்ள வடக்கால போனேன், பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், மண்டபத்துக்காரங்க ஒரு திறப்பு கேட்டு மனு குடுத்தாங்க, தள்ளியாச்சு, பள்ளிக்கூடம், அங்கயும் இல்ல, அப்புறம் பாலம், அம்பத்தெட்டுப் படி. தெற்கால போனேன், மர டிப்போ, கோயில், கோயிலுக்கு எதிர்ல வளைவு, வளைவுல பெருசா வேலி, பேங்க், மேம்பாலத்து அடி. ஒரு மீட்டர், ஒரு அரை மீட்டர், ஒரு ஆளு பக்கவாட்டுல திரும்புற அளவுக்கு. ரெண்டு தடவை போயிட்டுப் போயிட்டு வந்தேன். எங்கயும் நான் வழி விடல.

"சொல்லு பிலோமி" ன்னாரு, கம்பியில நெத்தியைச் சாச்சுக்கிட்டு, "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"